டியூன் இரண்டாம் பாகம்: ச்சானியை மாற்றியது சரியா? எங்கள் வாசிப்பு வட்டம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது

சிப்புட் வாசகி (சுங்கை சிப்புட்) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு படத்தைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே மலேசியாவில், எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு கடைவீட்டு மாடியில் சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் சிலர் கூடிப் புத்தகம் படிக்கிறோம். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கூட இன்னோர் ஆசிரியர், செம்பனை ஆலையில் வேலை செய்யும் தம்பிகள், ஆறாம் படிவப் பிள்ளைகள், ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்தை முடித்துவிட்டு இப்போது பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காமார். ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் டியூன் நாவலை எடுத்தோம். 1965இல் வந்த அறிவியல் புனைகதை, அராக்கிஸ் என்ற பாலைவனக் கோளில் நடக்கிறது. ஆங்கிலத்தில் படிக்க முடியாதவர்களுக்கு நானும் அந்த ஆசிரியரும் வாரம் ஒரு பகுதியைத் தமிழில் கதையாகச் சொன்னோம். அதிகம் கேள்வி கேட்டது அக்காமார்தான். ஒரு சொட்டுத் தண்ணீரையும் வீணாக்காத ஃபிரமென் என்ற அந்தப் பாலைவனச் சனம் பிள்ளை பெற்றவளை எப்படிக் குளிப்பாட்டும், செத்தவர் உடம்பிலிருந்து தண்ணீரை எடுக்கும்போது பெற்ற தாய் எங்கே நிற்பாள் என்றெல்லாம் கேட்டார்கள். எந்த விமர்சகரும் கேட்டு நான் படிக்காத கேள்விகள்.

பிறகு படத்துக்கு வந்தோம். டெனி வில்னவ் ஒரே நாவலை இரண்டு படமாக எடுத்திருக்கிறார். முதலாவது 2021, 155 நிமிடம். இரண்டாவது 2024, 166 நிமிடம். முதல் படத்தை மாடியிலேயே வெள்ளை வேட்டி கட்டிப் புரொஜெக்டரில் பார்த்தோம். இரண்டாவதற்கு வேன் பிடித்து ஈப்போ போனோம். திரையின் அடியில் மலாய் வரிகளும் சீன வரிகளும் ஓடின. அக்காமார் மலாயைப் பிடித்துக்கொண்டு கதையோடு போய்விட்டார்கள்.

முதல் படம் தொடங்கியதுமே என் மனம் அதன் பக்கம் சாய்ந்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன். நாவல் தொடங்குவது அந்தக் கோளை ஆளப் போகும் அட்ரெய்டீஸ் குடும்பத்தின் மாளிகையில். ஒவ்வொரு பகுதிக்கும் தலைமாட்டில் பேரரசர் மகள் இருலான் எழுதிய வரிகள் இருக்கும். கதையைக் கையில் வைத்திருப்பவர்கள் எல்லாரும் மேலிடத்து ஆட்கள். வில்னவ் படத்தில் கதையைச் சொல்லத் தொடங்குவது ச்சானி, பாலைவனத்துப் பெண். இதுவரை ஆண்ட ஹார்கொனன்கள் எங்கள் மண்ணிலிருந்து ஸ்பைஸ் என்ற விலைமதிப்பான பொருளை அள்ளிப் பேரரசரைவிடப் பணக்காரர் ஆனார்கள், ஒரு நாள் பேரரசர் ஆணை வந்தது, போய்விட்டார்கள், அடுத்து எங்களை அடக்கி ஆள வருவது யார் என்று அவள் கேட்கிறாள். எங்கள் மாடியில் அந்த இடத்தில் ஓர் அக்கா சத்தமாகவே சொன்னார்: “அடுத்த துரை யாருன்னு கேக்குறா.”

அந்த ஒரு வரிக்காகவே இந்தப் படத்தை நான் கும்பிடுவேன்.

தகராறு இரண்டாம் படத்தின் முடிவில்தான். நாவலில் ச்சானி கடைசிவரை அட்ரெய்டீஸ் மகன் பவுலோடு நிற்பவள். அவன் ஆட்சிக்காக இருலானை மணக்கிறான். ச்சானி மணம் செய்துகொள்ளப்படாதவளாகவே பக்கத்தில் இருக்கிறாள், பவுலின் அம்மா ஜெசிக்கா அவளைத் தேற்றுவதோடு புத்தகம் முடிகிறது. படத்தில் ச்சானிக்குத் தொடக்கத்திலிருந்தே, தங்களை மீட்க ஒருவர் வருவார் என்ற தீர்க்கதரிசனத்தில் நம்பிக்கை இல்லை. வெளியிலிருந்து வந்து நட்ட கதை அது என்று வாய்விட்டே சொல்கிறாள். கடைசியில் எல்லாரும் பவுலுக்கு மண்டியிடும்போது அவள் நிற்கிறாள். பிறகு நடந்து வெளியே போய், மணல்மேட்டில் தனியாக, ஏறிச் செல்லும் ராட்சத மணல் புழுவுக்குக் காத்திருக்கிறாள்.

எங்களில் பாதிப் பேர் நாவலைக் கெடுத்துவிட்டார்கள் என்கிறார்கள். மீதிப் பேர், நான் உட்பட, இப்போதுதான் கதை எங்கள் கைக்கு வந்தது என்கிறோம். ஈப்போவிலிருந்து திரும்பும் வழியெல்லாம் வேனுக்குள் வாக்குவாதம். ஓட்டுநர் எங்கள் ஊர்ச் சிம்பாங் (சாலைச் சந்திப்பு) வரும்வரை வானொலியைப் போடவே இல்லை.

இரண்டையும் தெரிந்தவர்கள் உங்கள் மனத்தில் பட்டதைச் சொல்லுங்கள். நாவலிலிருந்து எதை எடுத்தது நியாயம், எதை விட்டது அநியாயம்?

கிராணி மகன் (கோலகங்சார்) எழுதியது:

டீச்சர், நான் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்பவர்கள் பக்கம். நன்றாகவே எடுத்திருக்கிறார்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நாவலின் நடு எலும்பை உருவிவிட்டார்கள்.

எனக்கு இந்தப் புத்தகம் கிடைத்த விதத்தைச் சொல்ல வேண்டும். அப்பா கிராணியாக (அலுவலக எழுத்தராக) இருந்த தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை ஊருக்குத் திரும்பியபோது பங்களாவில் ஒரு பெட்டிப் புத்தகத்தை விட்டுப்போனார். ஆபிசில் கிடந்த அந்தப் பெட்டியிலிருந்து நான் எடுத்தது இது. அட்டை கிழிந்த பிரதி. அன்றிலிருந்து எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை.

இப்போது பாருங்கள். நாவலில் பவுல் பாலைவனத்துக்குள் போய்ப் பேரரசரை எதிர்த்து வருவதற்குள் ஆண்டுகள் கழிகின்றன. அந்த ஆண்டுகளில்தான் அவன் அந்தச் சனத்தில் ஒருவனாகிறான். ச்சானிக்கும் அவனுக்கும் ஒரு மகன் பிறக்கிறான், எதிரிப் படையின் தாக்குதலில் அந்தக் குழந்தை சாகிறது. ஜெசிக்காவின் மகள் ஆலியா பிறந்து, பேசி, நடந்து, ஹார்கொனன்களின் கிழப் பிரபுவைத் தன் கையாலேயே முடிக்கிறாள். படத்தில் எல்லாம் ஒரு கர்ப்ப காலத்துக்குள் முடிந்துபோகிறது. ஆலியா வயிற்றுக்குள்ளிருந்தே பேசுகிறாள். குழந்தை பிறக்கவே இல்லை, சாகவும் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ச்சானியின் துயரம் இல்லாமல் அந்தப் பெண்ணின் கோபத்துக்கு என்ன கனம்?

விண்வெளிப் பயணத்தைக் கையில் வைத்திருக்கும் சங்கத்தைக் கிட்டத்தட்ட தூக்கிவிட்டார்கள். நாவலில் பவுல் வெல்வது கத்தியால் மட்டும் அல்ல. ஸ்பைஸ் இல்லாமல் அவர்களால் ஒரு கப்பலையும் வழிநடத்த முடியாது. ஸ்பைஸை அழித்துவிடுவேன் என்று அவன் மிரட்டியதும் பேரரசருக்குப் பின்னால் நின்றவர்கள் நழுவுகிறார்கள். யாருக்கு எது இல்லாமல் முடியாது என்று பார்க்கத் தெரிந்தவன் கையில்தான் அதிகாரம், இதுதான் அந்த நாவலின் கணக்கு. பெரிய விருந்துக் காட்சி ஒன்று உண்டு. தண்ணீர் வியாபாரி, வங்கிக்காரர், கடத்தல்காரர் எல்லாரும் ஒரே மேசையில். அதையும் விட்டுவிட்டார்கள். துஃபிர் ஹவாட் என்னும் கிழவர், கணினிக்குப் பதிலாகத் தன் மூளையால் கணக்குப் போடுபவர், இரண்டாம் படத்தில் ஆளே இல்லை.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாமல் போகலாம். கோள் ஆய்வாளர் லியட் கைன்ஸை முதல் படத்தில் பெண்ணாக மாற்றினார்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை, அந்த நடிகை நன்றாகவே செய்தார். ஆனால் நாவலில் ச்சானியின் அப்பாதான் கைன்ஸ். அந்த உறவைப் படம் ஒரு வார்த்தையிலும் சொல்லவில்லை. வேரை வெட்டிவிட்டு அவளை எழுந்து நிற்கச் சொன்னால் எப்படி?

நாவலின் ச்சானி அடங்கிப்போன பெண் என்று யாரும் நினைக்க வேண்டாம். பவுலோடு சண்டை போட வந்த ஒருவனை அவளே எதிர்கொண்டு கொல்கிறாள். சடங்குகளை நடத்தும் தகுதி பெற்றவள். இன்றைய காலத்துப் பார்வையாளர்களுக்கு ஏற்ற மாதிரி ஒரு எதிர்ப்புக்காரி தேவைப்பட்டாள், அதற்கு அவளை எடுத்துக்கொண்டார்கள். என் கருத்து இது.

மில் தம்பி (சுங்கை சிப்புட்) எழுதியது:

டீச்சர், நான் அந்த வேனில் கடைசி இருக்கையில் இருந்தவன். அங்கே பேச வாய்ப்புக் கிடைக்கவில்லை, இங்கே சொல்கிறேன்.

எனக்கு முதல் படம்தான் பெரிது. இரண்டாவது அவசரப்பட்டுவிட்டது. அதில் ஐயா சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் படத்தில் ஸ்பைஸ் அள்ளும் இயந்திரம் வரும் காட்சியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவனுக்கு அது வெறும் படமாகத் தெரியாது. அவ்வளவு பெரிய இயந்திரம், உள்ளே ஆட்கள், தூரத்தில் புழு வருகிறது, தூக்கிப்போக வந்த வானூர்தியின் கொக்கி மாட்டவில்லை. மேலே இருந்து பார்க்கிற முதலாளி, பவுலின் அப்பா டியூக், அள்ளிய சரக்கு போகட்டும், ஆட்களை ஏற்று என்கிறார். நாவலில் இதே இடத்தில் கைன்ஸ் அவரைக் கவனிக்கிறார், பிடிக்கக்கூடாது என்று நினைத்தவரையே அவருக்குப் பிடித்துப்போகிறது. நல்ல முதலாளி மேல் சனத்துக்கு விசுவாசம் எப்படி வருகிறது என்பதை ஒரே காட்சியில் காட்டிவிட்டார்கள். பிறகு மகனுக்குப் பின்னால் அத்தனை பேர் போவதற்கு விதை அங்கேதான் விழுகிறது.

அந்தச் சத்தம் இருக்கிறதே. மணலுக்கு அடியிலிருந்து வருகிற அதிர்வு நெஞ்சுக்கூட்டில் இறங்குகிறது. முதல் படத்துக்கு ஆறு ஆஸ்கார், அதில் ஒலிக்கும் ஹான்ஸ் ஜிம்மர் இசைக்கும் உண்டு. இரண்டாவதற்கு இரண்டு, ஒலியும் காட்சி ஜாலமும். கொடுத்தது தகும். பாலைவனத்தை அவர்கள் கணினியில் மட்டும் வரைந்துவிடவில்லை. ஜோர்டானில் வாடி ரம், அபுதாபி மணல்மேடுகள் என்று உண்மை வெயிலில் நின்று எடுத்தார்கள். ஹார்கொனன் கோளில் கறுப்புச் சூரியனுக்குக் கீழே நடக்கும் சண்டையை அகச்சிவப்புக் கேமராவில் எடுத்திருக்கிறார் கிரெய்க் ஃபிரேசர். தோல் எல்லாம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, கண் மட்டும் கறுத்து. எந்தப் பக்கத்திலும் ஹெர்பர்ட் அப்படி எழுதவில்லை. ஆனால் அந்தக் கோளில் மனிதர்கள் எப்படி வளர்வார்கள் என்பது அதைப் பார்த்ததும் புரிந்துவிடுகிறது.

விருந்துக் காட்சி இல்லை என்ற வருத்தம் எனக்கில்லை, ஐயா. பத்துப் பேர் ஒருவர் மனத்தில் ஒருவர் என்ன நினைக்கிறார் என்று யோசிக்கிற காட்சி அது. கேமரா மனத்துக்குள் போகாது.

பழைய டேப் (தைப்பிங்) எழுதியது:

போகாது என்று சொல்லாதீர்கள் தம்பி, போக வைத்துப் பார்த்தார்கள். 1984இல் டேவிட் லிஞ்ச் இதே நாவலை 137 நிமிடத்தில் எடுத்தார். எல்லாரும் மனத்துக்குள் நினைப்பதைக் கிசுகிசுவென்று பின்குரலில் போட்டார். வீடியோ கடையில் வாடகைக்கு எடுத்துப் பார்த்தோம், யாருக்கும் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. பிறகு தொலைக்காட்சிக்காக நீட்டிய பிரதியிலிருந்து லிஞ்ச் தன் பெயரையே எடுத்துவிட்டார். அவருக்கு முன்னால் 1970களில் ஹோடரோவ்ஸ்கி என்ற இயக்குநர் பெரிதாகத் திட்டம் போட்டு, படப்பிடிப்பே தொடங்காமல் நின்றுபோனது.

டீச்சர் கேள்விக்கு வருகிறேன். லிஞ்ச் படத்தின் முடிவில் பவுல் அராக்கிஸில் மழையைப் பெய்ய வைக்கிறான். அதாவது அவன் உண்மையிலேயே கடவுள் என்று படம் சொல்லிவிட்டது. ஹெர்பர்ட் எழுதியதற்கு நேர் எதிர் அது. அதோடு ஒப்பிட்டால் ச்சானியை மாற்றியது எவ்வளவோ நேர்மை. நாவலைப் படித்தவர்கள் பவுலை வெற்றிவீரனாகவே கொண்டாடினார்கள் என்ற வருத்தம் ஹெர்பர்ட்டுக்கு இருந்தது, 1969இல் வந்த இரண்டாவது நாவல் அதற்குப் பதில் என்று வில்னவ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த இரண்டாவது நாவலை மனத்தில் வைத்துத்தான் இந்த முடிவை எழுதியிருக்கிறார்.

தோட்டத்து அக்கா (சுங்கை சிப்புட்) எழுதியது:

அம்மா சொல்லச் சொல்ல மகள் தட்டச்சு செய்கிறேன்.

டீச்சர், நா புஸ்தகம் படிக்கல, நீங்க சொல்லக் கேட்டதுதான். ஆனா படம் ரெண்டும் பாத்தேன். எல்லாரும் அந்தப் பொண்ணு கடைசியில போனது சரின்னு சொல்றீங்க. எனக்கு மனசு ஆறல. அவ போயிட்டா, மத்த சனம் என்னாவும்? அவளுக்குத்தான் புத்தி இருக்கு, அவதான் தெரிஞ்சவ. தெரிஞ்சவ கூட இருந்து சொல்ல வேணாமா?

ஸ்டில்கார்னு அந்தத் தாடிக்காரர் வர்றாரே, பவுல் என்ன சொன்னாலும் இவர்தான் அவர், இவர்தான் அவர்னு நம்புறாரே. அந்தப் பிள்ளைங்க கொட்டகையில சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. எங்க தோட்டத்துல சங்கத்துத் தலைவர் ஒருத்தர் பேச வருவாரு. பெரட்டுக்களத்துல, காலையில பேர் கூப்பிடுற எடத்துல, நின்னு நாங்க கேப்போம். இருட்டுல தலையில லைட்டக் கட்டிக்கிட்டு மரத்துக்குப் போறவளுக்கு, உனக்காக ஒருத்தர் பேசுறாருன்னு நெனைக்கிறதே பெரிய தெம்பு. அவரு சொன்னதுல பாதி நடக்கல. நம்பினது தப்புன்னு இப்பவும் நா சொல்ல மாட்டேன். நம்பாம எப்படி அத்தன வருசம் எந்திரிச்சுப் போயிருப்போம்?

அந்தத் தண்ணிக் கொளம் காட்டுறாங்க பாருங்க, செத்தவங்க தண்ணிய எல்லாம் சேத்து வச்சிருக்காங்க. தாகத்துல செத்தாலும் அதத் தொட மாட்டாங்களாம். பின்னால வர்ற பிள்ளைங்களுக்கு மரம் வைக்கணும்னு. அங்கதான் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எங்க அப்பா தோட்டத்த வாங்குற சங்கத்துக்குப் பத்து வெள்ளி பத்து வெள்ளியா கட்டுனாரு. வீட்ல அரிசி கொறைஞ்சாலும் அந்தக் காச எடுக்க விட மாட்டாரு. அம்மா சத்தம் போடும். ரசீதெல்லாம் தகர டப்பாவுல இருந்துச்சு.

எனக்குப் படத்துல கொறை என்னன்னா, அந்தக் கொளத்த ஒரு தடவ காட்டிட்டு விட்டுட்டாங்க. அப்புறம் ஒரே சண்டை.

சிப்புட் வாசகி (சுங்கை சிப்புட்) எழுதியது:

அக்கா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு நான் நாவலைத் திரும்ப எடுத்தேன். ராத்திரி முழுக்க அதோடுதான் இருந்தேன். கிராணி மகன் ஐயாவும் சேர்ந்து படிக்க வேண்டும், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

நாவலில் கைன்ஸ் சாகும் இடம் நினைவிருக்கிறதா, ஐயா? படத்தில் படைவீரர்கள் குத்துகிறார்கள், புழு வந்து எல்லாரையும் விழுங்குகிறது. நாவலில் ஹார்கொனன்கள் அவரை நீர்காக்கும் உடை இல்லாமல் பாலைவனத்தில் விட்டுவிடுகிறார்கள். வெயிலில் கிடந்து சாகும்போது, என்றோ செத்துப்போன அவருடைய அப்பா பார்டாட் கைன்ஸ் பக்கத்தில் நின்று பாடம் நடத்துவதுபோல் அவருக்குத் தோன்றுகிறது. எந்தச் செடியை முதலில் நடுவது, மணல்மேட்டைப் புல் எப்படிப் பிடித்து நிறுத்தும் என்றெல்லாம் அந்தக் குரல் சொல்லிக்கொண்டே போகிறது. நடுவில் ஒரு வாக்கியம்: உன் சனத்துக்கு ஒரு மாவீரன் கையில் சிக்குவதைவிடப் பெரிய கேடு வேறில்லை, இந்தப் பொருளில்.

ஐயா, நாவலின் எச்சரிக்கை முழுவதும் அதுதானே? அதை ஹெர்பர்ட் யார் காதில் போட்டார்? செத்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதனின் காதில். சாகிற மூளையில் தோன்றிய குரல் அது. அராக்கிஸில் வேறு யாரும் அதைக் கேட்கவில்லை. அதனால்தான் அத்தனை வாசகர்கள் அதைத் தாண்டிப் போய்ப் பவுலுக்குக் கைதட்டினார்கள். வில்னவ் அந்தக் குரலை எடுத்து உயிரோடு இருக்கும் ஒருத்தியின் வாயில் வைத்திருக்கிறார். யார் வாயில்? நீங்கள் சொன்ன அதே ச்சானி, நாவலின்படி கைன்ஸின் மகள். தாத்தாவின் வார்த்தை பேத்திக்குப் போயிருக்கிறது. நாவலுக்குள் புதைந்து கிடந்ததைத் தோண்டி வெளிச்சத்தில் வைத்ததைக் கெடுத்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் அந்த உறவைச் சொல்லாமல் விட்டது பெரிய குறைதான், அதில் நான் முழுக்க உங்களோடு நிற்கிறேன். சொல்லியிருந்தால் அவள் மறுப்பு காதலனோடு வந்த ஊடலாக யாருக்கும் தெரிந்திருக்காது. எங்கள் ஆறாம் படிவப் பிள்ளைகளில் இருவர் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள்: அவன் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான், இவள் கோபித்துக்கொண்டு போனாள். இவ்வளவு செலவு செய்து எடுத்த படம் அந்தப் பிள்ளைகளிடம் அப்படிப் போய்ச் சேர்ந்திருக்கக் கூடாது.

இப்போது அக்காவின் கேள்வி. அவள் போய்விட்டால் மற்ற சனம் என்னாகும்? இதற்குப் படத்தில் பதிலே இல்லை. நாவலில் இருக்கிறது, அதைத்தான் அவர்கள் சுருக்கிவிட்டார்கள். ஹெர்பர்ட்டுக்கு இந்தக் கதை பிறந்ததே மணலில்தான். 1950களின் கடைசியில் ஒரிகன் மாநிலத்தில் ஃபிளாரன்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில், நகர்ந்துவரும் மணல்மேடுகளைப் புல் நட்டு நிறுத்தும் வேலையை அமெரிக்க விவசாயத் துறை செய்துகொண்டிருந்தது. அதைப் பற்றிக் கட்டுரை எழுதப் போனவர், கட்டுரையை விட்டுவிட்டு நாவலுக்கு வந்தார். அதனால்தான் நாவலில் ஃபிரமென் சனத்துக்கென்று ஒரு வேலை இருக்கிறது. பனியைப் பிடிக்கிறார்கள், காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கிறார்கள், மறைவான இடங்களில் நடுகிறார்கள். எவ்வளவு காலம் ஆகும் என்று பார்டாட்டைக் கேட்டபோது முந்நூறு முதல் ஐந்நூறு ஆண்டு என்றார். கேட்டவர்கள் யாரும் அதைக் கண்ணால் காணப்போவதில்லை. தெரிந்தே செய்தார்கள். பவுல் பிறக்கும் முன்பே அந்த வேலை ஓடிக்கொண்டிருந்தது. அதைப் படம் காட்டியிருந்தால், ச்சானி திரும்பிப்போகும் இடம் நமக்குத் தெரிந்திருக்கும், அக்கா. அவள் வெறும் மணலுக்குப் போகிறாள் என்று தோன்றியிருக்காது.

நம் ஊர்க் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன், பிள்ளைகளும் படிக்கிறார்கள் என்பதால். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் கித்தா (ரப்பர்) தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கின. வாங்கியவர்களுக்கு நிலம் வேண்டும், ஆட்கள் வேண்டாம். மூன்று தலைமுறையாக இருந்தவர்கள் லயத்தைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. அப்போது 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. தொடங்கியவர் துன் சம்பந்தன், இதே சுங்கை சிப்புட்காரர். தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளிகளிடம் பணம் திரட்டி, தொழிலாளிகளின் பங்கிலேயே தோட்டம் வாங்கினார்கள். அவரும் தலைவர்தான். ஆனால் அவர் சனத்திடம் கேட்டது பத்து வெள்ளியையும் பொறுமையையும். அக்காவின் அப்பா தகர டப்பாவில் ரசீது சேர்த்தது அதற்காகத்தான்.

பிறகு 1981 செப்டம்பர் 7. லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலைப்பொழுதில் கத்ரி என்ற வெள்ளைக்காரத் தோட்டக் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளை நம் நாட்டு நிறுவனம் வாங்கி முடித்தது. வரலாற்றுப் புத்தகத்தில் பெருமையாக எழுதியிருக்கிறது, பெருமைதான், நம் மண் நம் நாட்டின் கைக்கு வந்தது. என் அம்மா வேலை செய்தது வேறொரு கம்பெனியின் தோட்டம், அதுவும் அந்தக் காலத்தையொட்டித்தான் கை மாறியது. பலகையில் பெயர் மாறியது, புது மேனேஜர் வந்தார், லாரிக்குப் புதுச் சாயம் அடித்தார்கள். அம்மா அதே நேரத்துக்கு எழுந்து அதே நிரைக்குப் போனாள். வீட்டுக் கூரை அவள் கிளம்பும்வரை அதே கூரை. அடுத்து வருவது யார் என்று ச்சானி கேட்கும்போது எனக்கு அம்மா முகம்தான் வந்தது. பவுல் நல்லவனா கெட்டவனா என்பது என் கேள்வியே இல்லை. அவனுடைய அப்பா நல்லவர், தம்பி சொன்ன காட்சியில் பார்த்தோம். நல்லவர் வந்தாலும் கோள் அவருடைய சொத்தாகத்தான் பத்திரத்தில் இருந்தது.

அதனால் என் தீர்மானம் இப்போது இப்படி: ச்சானியை மாற்றியது சரி. கைன்ஸின் வேலையை விட்டது தவறு. இரண்டாவதைச் செய்யாததால் முதலாவது பாதி பலத்தோடு நிற்கிறது.

கிராணி மகன் (கோலகங்சார்) எழுதியது:

டீச்சர், கைன்ஸ் சாகும் பகுதியை நான் அப்படி இணைத்துப் பார்த்ததில்லை. தாத்தா சொன்னது பேத்தி வாயில் வந்தது என்று வைத்துக்கொண்டால், படத்தின் முடிவோடு எனக்கிருந்த சண்டையில் பாதி குறைகிறது. மீதிப் பாதி குறையவில்லை, பிள்ளையின் சாவை விட்டதை நான் மன்னிக்க மாட்டேன்.

ஆனால் நீங்கள் பார்டாட்டை மட்டும் தப்பவிடுகிறீர்கள். நாவலின் முதல் பின்னிணைப்பை எடுங்கள், அந்தக் கோளின் சூழலைப் பற்றியது. பேரரசர் அனுப்பிய ஆள் அவர். வெளியாள்தான். அவரைக் கொல்ல ஃபிரமென் ஒருவனை அனுப்புகிறார்கள், அவர் தன் செடிகொடிப் பேச்சிலேயே மூழ்கி அவனை விலகச் சொல்லிவிட்டு நடக்கிறார், அவன் தன் கத்தியிலேயே விழுந்து சாகிறான். அதன் பிறகு அவர் சொன்னதெல்லாம் வேதம். தீர்க்கதரிசிகள் வரிசையில் அவரையும் வைத்துவிட்டார்கள். மாவீரன் வேண்டாம் என்று சொன்ன மனிதரையே அந்தச் சனம் மண்டியிட்டுத்தான் கேட்டது. அப்படியானால் வேலை வேறு, வழிபாடு வேறு என்று நீங்கள் பிரிப்பது நிற்குமா? சம்பந்தன் படம் இன்றும் எத்தனை வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

சிப்புட் வாசகி (சுங்கை சிப்புட்) எழுதியது:

எங்கள் வீட்டுக் கூடத்திலும் மாட்டியிருக்கிறது, ஐயா. அம்மா மாட்டியது.

அந்தப் பின்னிணைப்பை வட்டத்தில் நாங்கள் படிக்கவில்லை, நாவலின் கடைசிப் பக்கத்தோடு நிறுத்திவிட்டோம். வரும் சனிக்கிழமை அதையே எடுக்கிறோம். தமிழில் சொல்வதற்கு நான் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். கோலகங்சாரிலிருந்து அரை மணி நேரப் பாதைதானே, நீங்களே வந்து உங்கள் கட்சியைச் சொல்லுங்கள். பழைய டேப் அண்ணனிடம் 1984 படம் இருந்தால் கொடுத்து உதவ வேண்டும். மழை பெய்யும் அந்த முடிவைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். அக்கா, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள், அந்த ரசீதுகள் இன்னும் இருந்தால் கொண்டுவாருங்கள்.